பழைய விமான நிலையங்களின் சுவர்களைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

விமான நிலைய ஆணையங்களின் கட்டடப் பிரிவினருக்கும், அவர்களிடம் ஒப்பந்தம் எடுத்துப் பழைய முனையங்களைப் புதுப்பிக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

1920-களிலோ 1930-களிலோ கட்டிய முனையக் கட்டடம் ஒன்று உங்கள் பொறுப்பில் இருந்தால், அதன் உட்சுவரில் அடுத்த கோட்டு பெயிண்ட் ஏறுமுன் இந்த மடலைப் படித்துவிடுங்கள். சுவரோவியங்களைக் காப்பாற்றும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளில் விமானம் ஓவியர்களின் கண்ணையே மாற்றியது. அந்த மாற்றத்தின் பெரிய படைப்புகள் சில, அருங்காட்சியகங்களுக்காக அல்லாமல் விமானம் ஏற வரும் பயணிகளுக்காகச் சுவரிலேயே உருவாயின. அவற்றில் எத்தனையோ அழிந்தன. அழித்தவர்களில் பலருக்குத் தாங்கள் அழிப்பது என்னவென்றே தெரியாது. பராமரிப்பு அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடித்தார்கள், அவ்வளவுதான்.

நியூவார்க்கை முதலில் சொல்லவேண்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள நியூவார்க் விமான நிலையம் 1930-களின் நடுவில் உலகின் மிகப் பரபரப்பான விமான நிலையங்களில் ஒன்று. அதன் நிர்வாகக் கட்டடம் 1935-ல் திறக்கப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையற்ற கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்த கூட்டாட்சிக் கலைத் திட்டத்தின் கீழ், அந்தக் கட்டடத்தின் இரண்டாம் தளத்துக்குப் பத்துச் சுவரோவியங்கள் வரையும் பணி ஆர்ஷைல் கோர்க்கிக்குக் கிடைத்தது. வான் ஏரிக்கரை கிராமம் ஒன்றில் பிறந்து, ஆர்மீனிய இனப்படுகொலையில் தப்பி, 1920-ல் அமெரிக்கா வந்து சேர்ந்தவர் அவர். முதலில் புரூக்ளினில் உள்ள ஃபிளாய்ட் பென்னட் விமானத் தளத்துக்காகவே இந்தத் திட்டம் உருவானது. வயட் டேவிஸ் எடுத்த புகைப்படங்களையும் ஓவியத்தோடு சேர்ப்பதாக இருந்தது. பிறகு பணி நியூவார்க்குக்கு மாறியது. 1937-ல் ஓவியங்கள் சுவரேறின. மொத்தம் ஏறத்தாழ 1,500 சதுர அடி. தொகுதிக்குக் கோர்க்கி வைத்த பெயர் ‘விமானம்: காற்றியக்க வரம்புகளுக்குள் வடிவங்களின் பரிணாமம்’.

அந்தப் பெயரிலேயே ஓவியரின் நோக்கம் இருக்கிறது. விமானத்தின் அழகைக் காட்டும் படங்கள் அல்ல இவை. சுக்கான், இறக்கை, சக்கரம், தேடுவிளக்கு என்று விமானத்தைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் தட்டையான நிறப்பரப்பாக்கி, அந்தச் சுவரின் அளவுக்குள் புதிதாகக் கோத்திருக்கிறார். ‘பறத்தலின் இயங்குமுறை’ என்ற பலகத்தில் வெப்பமானி, ஈரப்பதமானி, காற்றுவேகமானி, அமெரிக்காவின் விமானப் பாதை வரைபடம் ஆகியவை அவற்றுக்குரிய இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு மிதக்கின்றன. விமானத்துக்கு இன்றியமையாத பொருள்கள் என்பதால்தான் அவற்றைச் சூழலிலிருந்து விடுவித்து முக்கியத்துவம் தந்ததாகக் கோர்க்கியே எழுதிவைத்திருக்கிறார். ‘வான்வழி வரைபடம்’ என்ற பலகம் தரையை மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குரியது. அடிவானம் கிடையாது, அருகும் தொலைவும் கிடையாது. விமானம் ஏறும்வரை மனிதர் பெரும்பாலும் பார்த்திராத கோணம் அது. ஐரோப்பாவில் கியூபிசம் என்ற ஓவிய இயக்கம் மேசைமேல் இருந்த குப்பியையும் கித்தாரையும் உடைத்துப் பார்த்தது. கோர்க்கி அதே முறையை ஓடுபாதையில் நின்ற இயந்திரத்தின்மேல் செலுத்தினார். அதையும் விமானத்துக்குக் காத்திருப்பவர் கண்ணெதிரே வைத்தார். நவீன ஓவியம் தான் வரையும் பொருளோடு ஒரே கூரையின் கீழ் இருந்த இடங்கள் மிகக் குறைவு. அதனால்தான் அந்தச் சுவர் எங்களுக்கு அத்தனை பெரிது.

போர் வந்தது. ராணுவம் விமான நிலையத்தை எடுத்துக்கொண்டது. சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. அதன் பிறகு ஒவ்வொரு பராமரிப்புச் சுற்றிலும் ஒரு கோட்டு கூடியது. கலை வரலாற்றாளர் ரூத் போமன் முன்னின்று நடத்திய தேடலில், 1970-களின் தொடக்கத்தில், 14 அடுக்குப் பெயிண்டுக்குக் கீழிருந்து இரண்டு பலகங்கள் வெளிவந்தன. மேலே சொன்ன இரண்டும்தான் அவை. ஒன்று சுமார் 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும், மற்றொன்று அதைவிடச் சற்றுப் பெரியது. எட்டுப் பலகங்கள் கிடைக்கவில்லை. மீட்ட இரண்டும் 1978-ல் நியூவார்க் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. ஓடுபாதை விரிவாக்கத்துக்கு வழிவிட 2001-ல் அந்த நிர்வாகக் கட்டடத்தையே மூன்று துண்டாக அறுத்து வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற அவ்வளவு பொறியியல் உழைப்பைச் செலவிட முடிகிற துறைக்கு, ஒரு சுவரைச் சோதித்துப் பார்க்க அரை நாள் ஒதுக்குவது பெரிய காரியமாக இருக்க முடியாது.

நியூயார்க்கில் இன்னும் இரண்டு வரலாறுகள் உண்டு. லகார்டியா விமான நிலையத்தின் கடல்விமான முனையத்தில் ஜேம்ஸ் புரூக்ஸ் வரைந்த ‘பறத்தல்’ 12 அடி உயரம், சுமார் 237 அடி நீளம். வட்டக் கூடத்தின் சுவரைச் சுற்றி ஓடும் ஒற்றைப் பட்டை அது. கிரேக்கப் புராணத்தில் சிறகு கட்டிப் பறந்த இக்காரஸில் தொடங்கி, டா வின்சியின் கனவு, ரைட் சகோதரர்கள் என்று நகர்ந்து, அந்த முனையத்துக்கே வந்து இறங்கிய கடல்விமானங்களில் முடிகிறது. 1942-ல் முடிந்த இந்த ஓவியத்தின்மேல் 1950-களின் தொடக்கத்தில் பெயிண்ட் அடித்தார்கள். 1980-ல் மீட்டபோது புரூக்ஸ் உயிரோடிருந்து பார்த்தார். இன்றும் அங்கே போனால் பார்க்கலாம். ஃபிளாய்ட் பென்னட் தளத்தில் ஆகஸ்ட் ஹெங்கல் வரைந்த விமான வரலாற்று ஓவியங்களுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. படத்தில் ஒருவர் ஸ்டாலினைப்போல இருக்கிறார், சிவப்பு நட்சத்திரம் தெரிகிறது என்ற குற்றச்சாட்டின் பேரில் 1940-ல் அவற்றைக் கழற்றி எரித்தார்கள். எரித்தது திரும்பாது. பெயிண்ட் அடித்தது திரும்பலாம். இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் எங்கள் வேலை முழுவதும் நிற்கிறது. அதனால்தான் பழைய பெயிண்டைச் ‘சுத்தமாகச் சுரண்டிவிட்டு’ புதிது அடிக்கும் இன்றைய முறை எங்களை அச்சுறுத்துகிறது. அந்நாளைய பெயிண்டர் மேலே அடித்துவிட்டுப் போனார், கீழே இருந்தது பிழைத்தது. இன்றைய ஒப்பந்தத்தில் ‘அடித்தளம் வரை நீக்குக’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிதான் ஓவியத்தைக் கொல்லும்.

சுவருக்குள் ஓவியம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் கருவி டார்ச் விளக்கு. இரவில், கூடத்து விளக்குகளை அணைத்துவிட்டு, சுவரோடு ஒட்டினாற்போல 10 முதல் 15 பாகைச் சாய்வில் ஒளியைப் பாய்ச்சுங்கள். சாந்துச் சுவரில் கரணை ஓடிய தடங்கள் வளைவாகத் தெரியும். கேன்வாஸ் ஒட்டிய சுவரில் சீரான நெசவுத் தடம் தெரியும். ஒரே அகல இடைவெளியில் நேர்க்கோடாக மேலிருந்து கீழே இறங்கும் மெல்லிய மேடு தெரிந்தால் அது இரண்டு கேன்வாஸ் பட்டைகள் சேரும் இடம். தடித்த நிறப்பரப்பின் விளிம்புகள் பத்துக் கோட்டுக்கு மேலும் சில சமயம் துருத்திக்கொண்டு நிற்கும். கோர்க்கியைப் போல நிறங்களைக் கூர்மையான விளிம்போடு வெட்டி வைத்தவர்களின் படங்களில் இது இன்னும் தெளிவு. நான்கு பக்கத்திலிருந்தும் ஒளி பாய்ச்சிப் படமெடுங்கள். ஒரு திசையில் தெரியாதது மறு திசையில் தெரியும்.

அடுத்தது விரல் முட்டி. மெதுவாகத் தட்டிப் பார்த்தால் ஒட்டு விட்டுப்போன இடம் ‘டொக்’ என்று வெற்றொலி தரும். அந்த எல்லைகளைச் சுவரில் எழுதாமல், அச்செடுத்த படத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவரைச் சுரண்டாமலே அதில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும் கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் அதன் விடையைப் படிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஈயம் காட்டினால் ஓவியம் என்று பொருளில்லை. அமெரிக்காவில் 1978-ல் தடை வரும்வரை வீட்டுப் பெயிண்டிலேயே ஈயம் இருந்தது. கேன்வாஸை ஒட்டிய பசையிலும் ஈயம்தான். டைட்டானியம் காட்டினால் அது பெரும்பாலும் மேற்பூச்சின் வெள்ளை. தேடவேண்டியவை ஓவிய நிறமிகளில் வரும் காட்மியம், குரோமியம், கோபால்ட், பாதரசம். இடத்துக்கு இடம் இவற்றின் அளவு மாறிக்கொண்டே போனால், கீழே ஒரே நிறச் சுவர் இல்லை, படம் இருக்கிறது என்று நம்பலாம். அகச்சிவப்புக் கேமராவை மட்டும் நம்பி ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளை ஏற்காதீர்கள். பல அடுக்கு டைட்டானிய வெள்ளையைத் தாண்டி அகச்சிவப்பு அதிகம் உள்ளே போகாது.

இவ்வளவுக்கும் பிறகு சாளரம் திறக்கலாம், அதாவது ஒரு சிறு சதுரத்தில் மட்டும் பெயிண்ட் அடுக்குகளை வெட்டிப் பார்க்கலாம். 2 சென்டிமீட்டர் சதுரம் போதும். ஸ்கால்பெல் கொண்டு ஒவ்வோர் அடுக்கையும் படிக்கட்டு வெட்டுவதுபோல் ஒன்றுக்கு உள்ளே ஒன்றாகத் திறந்து, எல்லா அடுக்கும் ஒரே நேரத்தில் தெரியும்படி விடவேண்டும். ஒரு சுவருக்கு ஒரு சாளரம் போதாது. நடு, ஓரம், கதவருகு, ரேடியேட்டருக்கு மேல் என்று குறைந்தது ஐந்து இடங்கள் வேண்டும். கூடவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மாதிரியை எடுத்துப் பிசினில் பதித்து, மெருகிட்டு, நுண்ணோக்கியில் சாதாரண ஒளியிலும் புற ஊதா ஒளியிலும் பார்த்தால் அடுக்குகளின் வரிசை முழுக்கத் தெரியும். அந்த வரிசையில் ஓவியத்துக்கும் முதல் பூச்சுக்கும் நடுவே ஒரு கரிய கோடு தென்பட்டால் மகிழுங்கள். அது புகையும் தூசும். அந்த அழுக்குப் படிந்த இடத்தில் மேற்பூச்சு ஓவியத்தை உறுதியாகப் பற்றியிருக்காது. வார்னிஷ் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த ஓவியங்கள் சுவரில் எப்படி ஏறின என்பதை ஒப்பந்ததாரர் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கழற்றுவதன் சிரமம் அதில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து வழக்கம் இது: ஓவியர் தன் கூடத்தில் கேன்வாஸில் வரைந்து முடிப்பார். சுவர்ச் சாந்து நன்றாகக் காய்ந்த பிறகு, அதன் உறிஞ்சும் தன்மையை அடக்க எண்ணெயோ வார்னிஷோ பூசுவார்கள். ஆளி விதை எண்ணெயில் அரைத்த வெள்ளை ஈயத்தோடு வார்னிஷ் கலந்து கெட்டியான பசையாக்கி, சுவரிலும் கேன்வாஸின் முதுகிலும் தடவுவார்கள். பிறகு நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி உருளை தள்ளி, காற்றுக் குமிழ்களை வெளியேற்றி ஒட்டுவார்கள். வாரக்கணக்கில் இறுகி அது கல்லாகிவிடும். ஈரத்துக்கு அசையாது. இந்த உறுதி ஓவியத்துக்குக் காவல். அதே உறுதிதான் கழற்ற வருபவருக்குக் கண்டம்.

மேற்பூச்சை நீக்குவதில் முதல் பகை அவசரம். கீழே இருப்பது எண்ணெய் ஓவியம். மேலே 1950-களில் அடித்ததும் பெரும்பாலும் எண்ணெய் பெயிண்ட் அல்லது எண்ணெய் கலந்த செயற்கைப் பிசினால் ஆன அல்கைட் பெயிண்ட். இரண்டின் வேதியியலும் உறவுக்காரர்கள். மேலதை இளக்கும் கரைப்பான் கீழதையும் இளக்கும். அதனால் திரவமாக ஊற்றித் துடைக்கக் கூடாது. கரைப்பானைக் கெட்டியான ஜெல்லாக்கி, சிறு சதுரத்தில் தடவி, நிமிடக் கணக்கு வைத்து, மேல் அடுக்கு மட்டும் ஊறியதும் எடுத்து, ஜெல்லின் மிச்சம் சிறிதும் தங்காமல் துடைக்கவேண்டும். 14 அடுக்கும் ஒரே பொருளாக இராது. மேலே உள்ள நீர்ப் பெயிண்ட்டுக்கு ஒரு ஜெல், நடுவில் உள்ள அல்கைட்டுக்கு வேறொன்று. அடியில் போர்க்காலத்துச் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ இருந்தால் அதற்கு ஈரமும் ஸ்கால்பெல்லுமே போதும். கடைசி அடுக்கைக் கரைப்பானால் எடுக்காமல், உருப்பெருக்கியின் கீழ் ஸ்கால்பெல்லால் பெயர்ப்பதே பாதுகாப்பு. ஓர் ஆள் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்து ஒரு சதுர அடி முடித்தால் அது நல்ல நாள். கால அட்டவணை போடும் பொறியாளர் இந்த வேகத்தை வைத்துத்தான் போடவேண்டும்.

செய்யக் கூடாதவற்றைக் காரணத்தோடு சொல்கிறோம். காஸ்டிக் சோடா கலந்த பெயிண்ட் நீக்கி எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். மேற்பூச்சோடு ஓவியமும் வழிந்து வாளிக்குள் போகும். மணல் வீச்சும் உப்புத்தாளும் விளிம்புகளைத் தேய்த்துவிடும். விளிம்பு போனால் கோர்க்கியின் ஓவியத்தில் மிஞ்சுவது வெறும் கறை. வெப்பக் காற்றுத் துப்பாக்கி பழைய ஓவியத்தையும் இளக்கும், ஈயத்தையும் காற்றில் ஏற்றும். ஈயத் தூசு விளையாட்டல்ல. அமெரிக்கத் தொழிலிட விதிப்படி எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு. உலர்ந்த நிலையில் சுரண்டினால் அதைச் சில நிமிடங்களில் தாண்டலாம். ஈரப்படுத்திச் சுரண்டுவது, நுண்தூசு வடிகட்டி பொருத்திய உறிஞ்சி, சுவாசக் கவசம், வேலையாட்களுக்கு இரத்தத்தில் ஈயப் பரிசோதனை ஆகிய நான்கும் வேண்டும். ஓவியத்தைக் காப்பாற்றப்போய் மனிதரைப் பலிகொடுக்கக் கூடாது.

கட்டடமே இடிபடுகிறது, வேறு வழியில்லை என்றால் மட்டுமே கழற்றுங்கள். ஓவியத்தின் முகத்தில், பிறகு எடுக்கக்கூடிய பசையால் ஜப்பானிய மெல்லிய தாளை ஒட்டி, பின்னாலிருந்து சாந்தைப் பெயர்த்து, ஓவியத்தைத் தட்டையாகவே பலகையில் தாங்கி இறக்கவேண்டும். ஈயப் பசை இறுகிய கேன்வாஸைச் சுருட்ட முடியாது. சுருட்டினால் நொறுங்கும். லாரியின் அகலமும் கதவின் உயரமும் பார்த்துத் திட்டமிடாமல் போனால், கடைசி நேரத்தில் ஓவியத்தையே வெட்ட நேர்ந்துவிடும். முதுகில் ஒட்டிய ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மெலிதாக்கி, தேன்கூட்டு அலுமினியப் பலகையில் ஏற்றினால் எடையும் குறையும், வளையவும் செய்யாது.

காணாமல் போன இடங்களை எப்படி நிரப்புவது என்ற கேள்வி வரும். கூட்டாட்சிக் கலைத் திட்டத்தின் புகைப்படங்கள் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. அவற்றை அவசியம் தேடுங்கள், ஆனால் நிறத்துக்கு அவற்றை நம்பாதீர்கள். கறுப்பு-வெள்ளைப் படத்தில் நிறம் இல்லை என்பது மட்டும் பிரச்சினையல்ல. அன்று புழங்கிய சில ஃபிலிம் வகைகளுக்குச் சிவப்பு நிறம் தெரியாது, அதனால் சிவப்பு கறுப்பாகப் பதிந்திருக்கும். ஓவியர் வரைந்த சிறு வண்ண முன்வரைவுகள் கிடைத்தால் அவை மேல். அப்போதும், நிரப்பும் வண்ணம் மூலத்தின்மேல் ஏறக் கூடாது. நடுவே ஒரு வார்னிஷ் அடுக்கு வேண்டும், நாளை வேறொருவர் எளிதாக நீக்கக்கூடிய வண்ணமாக இருக்கவேண்டும். ரோமில் வளர்ந்த முறைப்படி, நிரப்பிய இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நெய்தால் தொலைவிலிருந்து படம் முழுமையாகத் தெரியும், அருகே போனால் எது மூலம் எது நிரப்பல் என்று தெரிந்துவிடும். அந்த நேர்மை வேண்டும்.

மீட்ட பிறகும் ஆபத்து ஓயாது. விமான நிலையக் கூடங்களில் எங்களுக்கு அதிகம் கவலை தருவது குளிர்சாதனக் காற்று வாய். 25 பாகை செல்சியஸ், 60 விழுக்காடு ஈரப்பதம் உள்ள கூடத்தில் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 17 பாகை. காற்று வாயிலிருந்து வருவது 13, 14 பாகை. அது நேராகச் சுவரில் அடித்தால் அந்த இடம் மட்டும் குளிர்ந்து வியர்க்கும். அங்கேதான் பூஞ்சையும் உப்பும் முதலில் வரும். வாயின் திசையைத் திருப்புவது ஒரு மணி நேர வேலை. ஒளி 200 லக்ஸுக்குள் இருக்கட்டும், வானொளிக் கண்ணாடியில் புற ஊதா வடிகட்டி ஒட்டுங்கள். விளம்பரப் பலகை மாட்ட ஓவியச் சுவரில் துளையிட அனுமதி கேட்டு வரும் வணிகப் பிரிவுக்கு இல்லை என்று சொல்லுங்கள்.

இத்தாலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அங்கே கேள்வி வேறு. வேகத்தையும் இயந்திரத்தையும் போற்றிய எதிர்காலவாதக் கலைஞர்கள் 1929-லும் 1931-லும் வெளியிட்ட ‘வான் ஓவிய’ அறிக்கை, விமானத்திலிருந்து தெரியும் நகரும் பார்வையையே ஓவியத்தின் புதிய இலக்கணமாக அறிவித்தது. டோட்டோரி, டாட்டோ, பிராம்போலினி, பெனெடெட்டா முதலியோர் அந்த வழியில் வரைந்தார்கள். துல்லியோ கிராலி 1939-ல் வரைந்த ஓவியத்தில் விமானியின் தோளுக்குப் பின்னாலிருந்து நகரத்துக்குள் தலைகீழாகப் பாய்கிறோம். கட்டடங்கள் கண்ணாடிக்குள் வந்து குத்துகின்றன. அதைப் பார்த்துத் தலைசுற்றாதவர் குறைவு. ஆனால் அந்தக் கண்ணுக்குப் பின்னால் முசோலினியின் ஆட்சி இருந்தது. எத்தியோப்பியாமேல் வானிலிருந்து நச்சு வாயு பொழிந்த அதே ஆட்சி. இதை மறைத்துக் காட்டுவது தவறு, இதைக் காரணம் காட்டி வெள்ளையடிப்பதும் தவறு. சுவரை அப்படியே வைத்துப் பக்கத்தில் வரலாற்றை முழுதாக எழுதிவையுங்கள். சிசிலியில் பலெர்மோ தலைமை அஞ்சலகத்துக்காகப் பெனெடெட்டா 1933-34-ல் செய்த ஐந்து பெரிய கேன்வாஸ்கள், வான், கடல், தரை, வானொலி, தந்தி-தொலைபேசி ஆகிய தொடர்புகளைப் பற்றியவை, மாட்டிய இடத்திலேயே பல பத்தாண்டுகள் இருந்து, 2014-ல்தான் முதன்முறையாகக் கண்காட்சிக்கென நியூயார்க் போய்வந்தன. ஒஸ்தியா கடல்விமான நிலையத்தில் டோட்டோரி 1920-களின் கடைசியில் செய்த அலங்காரம் இன்று இல்லை.

பாரிஸின் 1937 உலகக் கண்காட்சி தற்காலிகக் கட்டடங்களுக்கான பாடம். விமான மண்டபத்தில் நிஜ விமானம் தொங்க, அதைச் சுற்றி நிற வளையங்களைச் சுழலவிட்டார் ராபர்ட் டெலோனே. 1914-ல் பிரெஞ்சு விமானி பிளேரியோவுக்குக் காணிக்கையாக வரைந்த ஓவியத்திலேயே சுழலும் புரொப்பெல்லரை நிற வட்டுகளாக்கியவர் அவர். ஐம்பது பேர் கொண்ட வேலையற்ற ஓவியர் குழு உடன் உழைத்தது. மண்டபத்தோடு அதில் பெரும்பகுதி போயிற்று. சோனியா டெலோனே அதே மண்டபத்துக்கு வரைந்த புரொப்பெல்லர், எஞ்சின், கருவிப் பலகை ஆகிய மூன்றும் பிழைத்து இன்று ஸ்வீடனின் லுண்ட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கேன்வாஸாகக் கழற்ற முடிந்தது காரணம். அதே கண்காட்சியின் மின்சார மண்டபத்துக்கு ராவுல் டூஃபி செய்த ‘மின்சார தேவதை’ 10 மீட்டர் உயரம், 60 மீட்டர் நீளம். 2 மீட்டருக்கு 1.2 மீட்டர் அளவில் 250 ஒட்டுப்பலகைகள். மண்டபம் போன பிறகும் அவற்றைக் கழற்றி, வைத்திருந்து, 1964-ல் பாரிஸ் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மீண்டும் கோத்தார்கள். புதிய முனையங்களுக்கு ஓவியம் வரையச் சொல்லும்போது சுவரில் நேராக வரையச் சொல்லாமல், எண்ணிட்ட பலகைகளில் கேளுங்கள். திருகாணிகளின் இடத்தைக் கட்டட வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

இனி எங்கள் வேண்டுகோள். 1945-க்கு முன் கட்டிய எந்தப் பயணியர் கூடத்துக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, அளவுப் பட்டியலின் முதல் வரியாகச் ‘சாய்வொளிச் சோதனையும் ஐந்து இடங்களில் அடுக்குச் சாளரங்களும், ஓவியப் பாதுகாப்பாளரின் கையொப்பத்துடன்’ என்று சேருங்கள். ‘அடித்தளம் வரை பழைய பெயிண்ட் நீக்குக’ என்ற வரி அந்த அறிக்கை வரும்வரை நடைமுறைக்கு வராது என்று எழுதுங்கள். வேலை நடுவில் கேன்வாஸ் நெசவோ, ஒரே சுவரில் இரண்டுக்கு மேற்பட்ட நிறமோ தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் தளத்தில் நிற்கும் மேற்பார்வையாளருக்கே இருக்கட்டும். நிறுத்திய நாட்களுக்கு ஒப்பந்ததாரருக்கு அபராதம் இல்லை என்பதையும் அதே பத்தியில் சொல்லிவிடுங்கள். அபராதத்துக்குப் பயந்துதான் ஆட்கள் கண்டதைச் சொல்லாமல் மூடுகிறார்கள். அமெரிக்கக் கட்டடமானால், பெருமந்தக் கால அரசு நிவாரணத் திட்டமான நியூ டீலின் காலத்துப் படைப்புகளின் உரிமை இன்னும் கூட்டாட்சி அரசிடமே இருக்கலாம். கூட்டாட்சி அரசின் கட்டடங்களை நிர்வகிக்கும் ஜெனரல் சர்வீசஸ் அட்மினிஸ்ட்ரேஷனின் கலைப் பிரிவுக்கு எழுதி, பதில் வரும்வரை ஓர் அங்குலமும் தொடாதீர்கள்.

சுவர் வெறுமையாக இருந்தாலும் அந்த அறிக்கையைக் கட்டடக் கோப்பிலேயே வையுங்கள். எந்தச் சுவர், எந்தத் தேதி, எத்தனை அடுக்கு என்று அதில் இருந்தால், இருபது ஆண்டு கழித்து அடுத்த ஒப்பந்தம் எடுப்பவர் அதே சுவரில் மறுபடி சாளரம் வெட்ட வேண்டியிருக்காது.

இங்ஙனம்,
சுவரோவியப் பாதுகாப்புப் பணியாளர்கள்